சூட்டியின் இடது கண்

இன்று அந்தியில் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினேன். உன் சூட்டி வாசலில் தாடையை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதிரே மூடுபனி மட்டும்தான். இரண்டு கண்ணும் தெரியாத நாய், யாரோ முகத்தைப் பிடித்திருப்பதுபோல அசையாமல் இருந்தது.

நீ போய் ஏழு மாதமாகிறது. என்னிடம் அது ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. நான் சொட்டு மருந்தோடு வந்தால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். உனக்குத்தான் முகத்தைக் கொடுக்கும். "மேல பாரு தங்கம்" என்பாய், பார்க்கும்.

இடது கண் முதலில் சிவந்தபோது, மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டே என்னிடம்தான் கேட்டாய். "சூட்டிக்குக் கண்ணு செவந்து கெடக்குடி. வெளிச்சத்தப் பாக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட கொண்டு போவமா?"

"தூசி விழுந்திருக்கும். தேயிலத் தண்ணியில கழுவு. இதுக்குப் போயி வேலைய விடுவாங்களா?" என்றேன்.

ஐந்தாம் நாள் இடது கண் நீலம் பாரித்துப் பிதுங்கியது. சாக்கில் பொதிந்து பதுளைக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் விரலைக் கண்ணருகே கொண்டுபோனார். சூட்டி இமைக்கவில்லை.

"கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிப்போச்சு. இது இனித் தெரியாது. செவந்த அன்னைக்கே வந்திருக்கணும். மத்தக் கண்ணுக்கும் இப்படி வரலாம். நாள் தவறாம மருந்து போடுங்க."

திரும்பும் வழியெல்லாம் நான் அழுதேன். "ஒனக்கு எப்படிடி தெரியும்? நானும்தானே ஒன் பேச்சக் கேட்டுக்கிட்டேன்" என்றாய். திட்டியிருக்கலாம் நீ.

வலது கண்ணை இரண்டு வருஷம் காப்பாற்றினாய். மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ விழுந்து இறந்தபின் சூட்டியை நான் கொண்டுவந்தேன். என் கைக்கு அது அடங்கவில்லை. மூன்று மாதத்தில் அந்தக் கண்ணும் போனது. இப்போது வலி குறையத்தான் மருந்து.

இன்று நான் கிட்டே போகவில்லை. தாடை மெல்ல இறங்கியது. வாலை ஆட்டியது. பிறகு, தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் ஒருவர் நடந்து போவதைப் பார்ப்பதுபோல் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியது. அது படுத்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். கண்ணோரம் ஈரம். பனியாக இருக்கலாம். நானும் மருந்து போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

போன வாரம் லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டுப் பூனைக்குக் கண் சிவந்தது. "நாளைக்குப் பாப்போம்க்கா" என்றாள் அதை வளர்ப்பவள். நான் அன்றைக்கே பூனையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதன் கண் தப்பியது. ஆனாலும் சூட்டியின் முகத்துக்கு நேரே நிற்க இன்னும் என்னால் முடியவில்லை. எந்தப் பக்கம் விலகினாலும், அந்த இடது கண் என் பக்கமே திரும்புகிறது.