கப்பல்துறைக்கு அப்பாவின் பெயர்

என் அன்பு அப்பா,

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. புதிய கப்பல்துறைக்கு உங்கள் பெயரை வைக்கப் போகிறார்களாம். நகரசபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பெயர்ப்பலகையின் திரையை விலக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சந்தோசமா?

கருவாடும் தேங்காயும் விற்ற சின்னக் கடை, பிறகு மொத்த வியாபாரம், பிறகு ஒரு பழைய சரக்குக் கப்பல். இந்த டென்மார்க் ஊரில் டெனிஷ்காரரே உங்களைக் கப்பல்காரர் என்றார்கள். நகரசபைத் தேர்தலில் நின்றீர்கள், வென்றீர்கள். நானும் பெருமைப்பட்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அந்தக் கூட்டம் நினைவிருக்கிறதா? துறையை நீட்ட இடம் வேண்டும், அதற்குக் கரையோரத்து முதியோர் இல்லத்தை மூட வேண்டும் என்றார்கள். துறையில் கட்ட இடமில்லாமல் உங்கள் கப்பலும் வெளியே காத்துக் கிடந்த காலம் அது. சொந்த ஆதாயம் உள்ள விஷயமென்று வாக்கெடுப்பின்போது நீங்கள் எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை, கை உயர்த்தினீர்கள். அந்த ஒரு கையால்தான் முடிவானது.

பார்வையாளர் வரிசையில் அம்மா பட்டுச்சேலையோடு இருந்தார். அவருக்கு டெனிஷ் அரைகுறை. என்ன விஷயமென்று தெரியாது. உங்கள் கை உயர்ந்ததைக் கண்டதும் எல்லோருக்கும் முதல் அவர்தான் கை தட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் உங்களோடு சண்டை பிடித்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அங்கை இருக்கிறது வெள்ளைக்காரக் கிழடுகள் பிள்ளை. எங்கடை சனம் தாய் தேப்பனை வீட்டிலை வச்சுப் பாக்கும்."

ஓம் அப்பா, பார்த்தேன். நீங்கள் கண்மூடிய மறுவருடமே அம்மாவுக்கு மறதி தொடங்கியது. அடுப்பை எரியவிட்டு வீதிக்கு இறங்கிவிடுவார். இரண்டு வருடம் தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் ஓடி நான் தோற்றுப் போனேன். நீங்கள் மூடிய இல்லத்தில் இரண்டு தமிழ்ப் பெண்கள் வேலை செய்தார்கள், தெரியுமா? இப்போது அம்மா இருக்கும் முதியோர் இல்லம் காரில் ஒன்றரை மணித்தியாலம். தெரிந்த கொஞ்ச டெனிஷும் அவருக்கு மறந்துவிட்டது. குளிருது என்று தமிழில் சொல்கிறார், அங்கே ஒருவருக்கும் விளங்குவதில்லை. நம் தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம். பார்க்காமல் தப்பியது நீங்கள் மட்டும்தான்.

போன ஞாயிறு போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா கூட்டம் முடிஞ்சு வந்திட்டாரோ?"

இன்னும் முடியவில்லை என்றேன்.

விழாவுக்கு வருவேன் அப்பா, இது சத்தியம். அம்மாவுக்கும் அதே பட்டுச்சேலையை உடுத்திக் கூட்டி வருவேன். உங்கள் பெயரைச் சொன்னதும் அவர்தான் முதலில் கை தட்டுவார். நான் தட்டமாட்டேன்.

உங்கள் ஒரே மகள்,
சுமதி