கெண்டையின் வயிற்றில் சினை

அத்தை, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

விழுப்புரத்தில் உங்கள் கல்லூரி மேசையில் இருந்த பையை அப்பா நேற்று திண்டிவனத்துக்கு எடுத்துவந்தார். திறந்ததும் கிராம்பு எண்ணெய் வாசனை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பல்வலியா என்று கேட்டால், "எனக்கில்லைங்க, மீனுக்கு" என்பீர்கள். இரத்தம் எடுக்கும்முன் கெண்டையை மயக்க அந்த எண்ணெயில் சில சொட்டுகள் போதும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் தள்ளி உட்காருவார்களாம்.

நான் பிறப்பதற்கு முன்பே நீங்கள் இந்த வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். சாதாக் கெண்டையைக் குட்டையில் விட்டால் சீக்கிரமே சினை பிடித்துக் குஞ்சு பொரித்துவிடும். குட்டை நெரிசலாகி ஒரு மீனும் பருக்காது. அதனால் சினையே பிடிக்காத கெண்டையை உண்டாக்கப் பார்த்தீர்கள். கருவுற்ற முட்டைகளை ஐஸ் தண்ணீரில் சற்று நேரம் வைத்தால், குஞ்சுக்கு இரண்டு தொகுதி குரோமோசோம்களுக்குப் பதிலாக மூன்று அமையும். அது வளரும், சினை பிடிக்காது. அந்தக் குஞ்சுகளுக்காக ஒலக்கூர் விவசாயிகள் காத்திருந்தார்கள்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வலையில் சிக்கிச் செத்த ஒரு மீனை, வீணாகப் போகிறதே என்று முந்தின நாள் கொண்டுவந்திருந்தீர்கள். மறுநாள் ஆய்வறிக்கையைக் கொடுக்க வேண்டும். நீங்கள் உள்ளே அதைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள். தோட்டத்தில் மீனை அரிந்துகொண்டிருந்த அம்மா சந்தோஷமாகக் கத்தினாள்.

"சினை மீனு! எம்மாம் சினை பாரு! பாப்பா, உனக்குத்தான், வறுத்துத் தர்றேன்."

நீங்கள் வந்து குனிந்து பார்த்தீர்கள். அம்மாவின் கையிலிருந்து மீனை வாங்கி, மீதி வயிற்றையும் நீங்களே திறந்தீர்கள். மஞ்சளாக, நிறைய முட்டை. உங்கள் மீன் அது. இருக்கவே கூடாத சினை.

அப்பாவுக்கு விஷயம் புரிந்ததும் சொன்னார்: "ஒண்ணு ரெண்டு அப்பிடித்தான் இருக்கும். எதுக்கு பேஜாரு பண்ணிக்கினு? கொழம்புல போட்டுட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரிஞ்சிபோச்சே, அண்ணே."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப வறுக்கவா, வேணாவா?"

"வேணாம் அண்ணி. பாட்டில்ல போடணும்."

அப்புறம் ஒலக்கூர் விவசாயி ஒருவருக்குப் போன் போட்டீர்கள். அவர் குரல் எங்களுக்கே கேட்டது. "என்னா மேடம், தண்ணி கட்டி வெச்சிக்கினு குந்தினுகீறேன்!"

"குஞ்சு தர முடியாதுங்க. அதுங்க சினை புடிக்குது. நான் சொன்னது தப்பு."

சாப்பிடாமலே விழுப்புரத்துக்கு பஸ் ஏறினீர்கள். அதுவரை மூன்று தொகுதி இருக்கிறதா என்று சில மீன்களின் இரத்தத்தை மட்டும் பார்த்து, மற்றவையும் அப்படித்தான் என்று நம்பியிருந்தீர்கள். அந்த வாரம் எல்லா மீனையும் பார்த்தீர்கள். பாதிக்கு மேல் சாதாரணக் கெண்டைதான். அதை அப்படியே அறிக்கையில் எழுதினீர்கள். திட்டம் நின்றது. கல்லூரியில் சிலர் உங்களை "சினை மேடம்" என்று கூப்பிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னீர்கள். ஆனால் அன்று உங்கள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகும் நீங்கள் விடவில்லை. முட்டையை எப்போது ஐஸில் வைக்க வேண்டும் என்பது தாய்மீனுக்குத் தாய்மீன் கொஞ்சம் மாறுகிறது என்பதுவரை கண்டுபிடித்தீர்கள். அந்த மாற்றத்தை முன்கூட்டியே அறிவது எப்படி என்பது கிடைக்கவில்லை. அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

இன்று மாலை உங்கள் கல்லூரியில் இரங்கல் கூட்டம். படிக்கச் சொல்லி அப்பா ஒரு தாளைக் கொடுத்தார். "சினை பிடிக்காத மீனை உருவாக்கிய விஞ்ஞானி" என்று அதில் இருந்தது. உங்கள் மேல் உள்ள ஆசையில்தான் அப்படி எழுதியிருந்தார். மேடையில் அந்த வரி வந்ததும் நிறுத்திக்கொண்டேன். தாளை மடித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அரங்கில் இருந்தவர்களுக்குப் பிடித்ததா என்று தெரியவில்லை.

வாசலில் செருப்பைத் தேடும்போது அப்பா கேட்டார்: "அத்தையப் பத்திச் சொன்ன, சரி. கொழம்புல போடச் சொன்னது நான்னு எதுக்குச் சொன்ன? அத்தினி பேரு முன்னால!"

"நடந்ததுதானேப்பா."

அப்பா ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார். "அவளும் இப்பிடித்தான் என் மானத்த வாங்குவா" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. நீங்கள் போனதிலிருந்து அப்பா அழுததை நான் பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை, சினை என்று தெரிந்த பிறகும் மீதி வயிற்றைத் திறந்து பார்த்தீர்களே, அந்தக் கைகள்தான் இன்று மேடையில் என் தாளை மடித்தன. உங்களுடையதில் வேறொன்றையும் நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

அப்பா இன்னொரு செருப்பையும் போட்டுக்கொண்டார். நாங்கள் படியிறங்கும்போது எங்களுக்குப் பின்னால் அரங்கின் விளக்குகளை அணைத்தார்கள்.