அப்பா பிடிச்ச விரதம்

நீர்வேலி,
ஆனி 14.

என்ரை அன்பான மகள் வினோஜாவுக்கு அப்பா எழுதிறது. நீயும் மருமகனும் பேத்தி தனுஷிகாவும் அங்கை ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணும். இஞ்சை நானும் அம்மாவும் சுகம், தோட்டத்து வாழையும் சுகம், என்ரை சீனி வருத்தம் மட்டும் இவ்வளவு நாளும் எங்களைவிடச் சுகமாய் இருந்தது. போனிலை சொல்லாமல் ஏன் கடிதம் எண்டு யோசிப்பாய். அம்மா போனைச் சத்தமாய்ப் போட்டுவிட்டுப் பக்கத்திலை குந்திக்கொண்டிருப்பா, இது அவவின்ரை காதிலை விழக்கூடாத சங்கதி. அதாலை லண்டனுக்குத் திரும்பிப் போற தில்லைநாதன் மாஸ்டரின்ரை மகனிட்டைக் குடுத்து விடுறன். கண் புகைச்சலிலை வரியள் கோணலாய்ப் போகும், பொறுத்துக்கொள்.

கண் ஒப்பரேசனை, சீனி கூட எண்டு ரெண்டு தரம் தள்ளிவச்சது உனக்குத் தெரியும். மூண்டாம் தரமும் கூடியிருந்தால் இந்த வருசம் நடவாது எண்டு டொக்டர் முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார். நீ அனுப்பின சாப்பாட்டு அட்டவணையை அம்மா குசினிச் சுவரிலை ஒட்டி, பொலிஸ்காரி மாதிரி நிண்டு, சீனி ஏத்தாத குரக்கன் பிட்டைக் கரண்டியாலை அளந்து தந்தா. அந்த நேரம் பாத்துத்தான் மீசாலையிலை இருந்து என்ரை தங்கச்சி, உன்ரை நாகேஸ்வரி மாமி, அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் வந்து நிக்கவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டாள். மாமியைத் தெரியுந்தானே, போதும் எண்டு இலையிலை கையை வச்சு மறைச்சால் கைக்கு மேலை ஊத்துவாள். சீனி வருத்தம் எண்டு சொல்லித் தப்பவும் ஏலாது. அங்கை பந்தியிலை இருந்து, சோதினைப் புள்ளி கேக்கிற மாதிரி உனக்கு எத்தினை எனக்கு எத்தினை எண்டு விசாரிச்சுக்கொண்டே கேசரி வழிக்கிற சனம்.

எங்கடை ஆக்களிட்டைச் சாப்பாட்டை வேண்டாம் எண்டு சொல்ல மரியாதையான வழி ஒண்டே ஒண்டுதான் பிள்ளை, விரதம். டொக்டர் சொன்னால் ஒருத்தரும் கேக்கமாட்டினம், அம்மாளாச்சி எண்டால் எல்லாருக்கும் பயம். ஆகவே ஒரு வெள்ளிகூட ஒழுங்காய்ப் பிடிக்காத உன்ரை அப்பன், அம்மாவைத் தோட்டத்துக்குக் காவலாய் விட்டிட்டுத் தனியப் போய், பஸ்ஸாலை இறங்கின கையோடை பத்து நாளும் விரதம் எண்டு அறிவிச்சுப்போட்டன். என்ரை மூளையை நானே மெச்சிக்கொண்டன்.

ஐயோ, விரதகாரனின்ரை சாப்பாடு எப்பிடி எண்டு எனக்கு ஆர் சொன்னது! காலமை ஒண்டுமில்லை, சரி. மத்தியானம் ஒரே ஒரு நேரம், ஆனால் அந்த ஒரு நேரத்துக்கு முழு வாழையிலை, ஏழு கறி, நெய், வடை, பாயாசம். ஒருநேரந்தானே அண்ணை சாப்பிடுறியள் எண்டு சொல்லிச் சொல்லியே மூண்டு நேரச் சோத்தையும் கொட்டினாள். பின்னேரம், விரதகாரருக்கு எண்டு அயலட்டை முழுக்க மோதகமும் அவலும் கதலிப்பழமும் கொண்டுவந்து குவிச்சுது. நீர்வேலி வாழைத்தோட்டக்காரனுக்கு வாழைப்பழம்! அதுக்குள்ளை அந்தப் பாயாசம் வாயிலை வைக்கேலாத இனிப்பு. ஊரிலை பேர்போன சமையல்காரி, கைப்பக்குவம் கெட்டுப்போச்சோ எண்டு நினைச்சன், ஆனால் வாய் திறக்கேல்லை. திறந்தால் திருத்திக் காய்ச்சி இன்னொரு கோப்பை தருவாள்.

மூண்டாம் நாள் காலமை வெறுவயித்திலை சீனிக் குளிசையைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனன். மடத்தனந்தான், நல்லாய் என்னை ஏசு மகள். மணி அடிச்சது கேட்டுது, வேர்த்துக் கொட்டிச்சுது, விழுந்துபோனன். கைகால் நடுங்கினதைப் பாத்து எனக்கு அம்மாளாச்சி உரு வந்திட்டுது எண்டு ஒருத்தி விழுந்து கும்பிட்டு, மகளுக்கு எப்ப கலியாணம் சரிவரும் எண்டு கேட்டாளாம். நாகேஸ்வரிதான் எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து, தன்ரை கைப்பைக்குள்ளை இருந்து சீனி பாக்கிற மெசினை எடுத்து என்ரை விரலிலை குத்தினாள். நேர்ஸ்மாரும் அவ்வளவு கெதியாய்க் குத்தமாட்டினம். சீனி நல்லாய் இறங்கிப்போச்சு எண்டு பஞ்சாமிர்தத்தை வாயிலை வச்சாள். எனக்குத் தெளிஞ்ச உடனை, உன்ரை பைக்குள்ளை உந்த மெசின் என்னத்துக்கு எண்டுதான் கேட்டன்.

நாலு வருசமாய் அவளுக்கும் சீனியாம், மகள். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மச்சான் செத்தாப் பிறகு அந்த வீட்டுக்கு ஆள் வாறதே சாப்பாட்டுக்குத்தான், தான் தின்னாமல் பாத்துக்கொண்டிருக்கிறது தெரிஞ்சால் வாற சனமும் கூச்சப்பட்டு வராது எண்டாள். அவள் இருந்து சாப்பிட்டதை நாலு வருசமாய் நான் கண்டதே இல்லை, எப்பவும் அகப்பையும் கையுமாய்ப் பரிமாறிக்கொண்டே திரிவாள். பாயாசத்தை ஒரு துளி நாக்கிலை வச்சுப் பாக்காமல்தான் காய்ச்சிறாள். எனக்கு அழுகை வந்திட்டுது பிள்ளை, கோயில் எண்டும் பாக்காமல் அழுதன்.

மிச்ச ஏழு நாளும் விரதம் ஊருக்கு மட்டுந்தான். கதவைச் சாத்திப்போட்டு அண்ணனும் தங்கச்சியும் நேரத்துக்கு நேரம் குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் களவாய்த் திண்டம். வந்த மோதகத்தை அவள் அடுத்த வீட்டுக்கு அனுப்ப, அதுகள் அதுக்கடுத்த வீட்டுக்கு அனுப்ப, மூலை உடைஞ்ச ஒரு மோதகம் ரெண்டு தரம் எங்களிட்டையே திரும்பி வந்துது.

முந்தநாள் கிளினிக்கிலை பாத்தது, சீனி சரியாய் வந்திட்டுது. வாற மாதம் நாலாந்திகதி ஒப்பரேசன். உன்ரை அட்டவணையின்ரை புண்ணியம் எண்டு அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரியிறா, அப்பிடியே இருக்கட்டும், விழுந்த கதையை மூச்சு விடாதை. ஆவணியிலை நீங்கள் வரேக்கை தனுஷிகாவின்ரை முகத்தை வடிவாய்ப் பாக்கப்போறன். நீயும் அட்டவணையோடை வா, மாமி வீட்டிலை பத்து நாள் உன்ரை வீரத்தையும் பாப்பம்.

பொய் விரதக்காரனைக் காப்பாத்தின அம்மாளாச்சி உங்கள் மூண்டு பேரையும் கைவிடமாட்டா, நல்லாய் இருங்கோ. மறந்துபோகாதை, இந்தக் கடிதத்தோடை குடுத்துவிடுற பார்சலிலை மேலாலை இருக்கிறது மாமி சுட்ட பயித்தம் பணியாரம். நீ சீனி தொடுறேல்லை எண்டு தெரியும். ஒண்டே ஒண்டைக் கடிச்சுப் பாத்து இனிப்புக் கூடவோ குறைவோ எண்டு அவளுக்கு உண்மையைச் சொல்லு மகள். இஞ்சை எல்லாரும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுகினம், எனக்கும் அவளுக்கும் தின்னேலாது.

உன்ரை அப்பா,
சீவரத்தினம்.