பதினொரு செக்கன்

என்னங்க,

பிலிமத்தலாவையில், நீங்கள் தங்கியிருக்கிற அக்கா வீட்டுப் பக்கம், இன்னும் மழையா? இங்கே கண்டி வாவி காலையிலிருந்து பனிக்குள் மிதக்கிறது.

உளவியலாளராகப் பதிவு பெற எனக்கு இன்னும் நாற்பது மணித்தியாலப் பயிற்சி இருக்கிறது. வருகிறவர்கள் சம்மதித்தால் பேச்சைப் பதிவுசெய்து, மேற்பார்வையாளர் சிவமலர் மிஸ்ஸோடு உட்கார்ந்து கேட்போம். போன வாரம் ஒருவருடையதைக் கேட்டோம். அவர் பெயரையும் ஊரையும் உங்களிடம்கூடச் சொல்லக்கூடாது. பேச்சின் நடுவில் அவர் நிறுத்துகிறார். உடனே என் குரல் ஆறுதல் சொல்கிறது.

மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, அவர் அழ வெளிக்கிட்டவர். உமக்குத்தான் பொறுக்கேல்லை" என்றார். அழத் தொடங்கியவரை நான்தான் மறித்திருக்கிறேன்.

இன்று, பேச வந்த அதே ஆள் மறுபடியும் நிறுத்தினார். நான் காத்திருந்தேன். அறையே மெல்ல அவிழ்ந்து வாவிமேல் மிதந்து போவதுபோல் இருந்தது. பிறகு அவராகவே பேசினார். பதிவைப் போட்டுப் பார்த்தேன். நான் காத்திருந்தது பதினொரு செக்கன்தான், கால் நிமிஷம்கூட இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நாம் வெறுங்கையோடு திரும்பிய அன்று, கலஹா போகிற பஸ்ஸில், நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். "அழாதீங்க, நமக்கு வேற பொறக்கும்" என்றேன். வீடு வரைக்கும் நானே பேசிக்கொண்டு வந்தேன். நீங்கள் இன்றுவரை அதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு வாருங்கள். அதே பஸ்ஸில் ஏறுவோம். ஜன்னல் பக்கம் உங்களுக்கு. நாம் இறங்குகிற இடம் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, நான் வாய் திறக்க மாட்டேன்.

உங்கள் பக்கத்து சீட்டில் இருப்பவள்