ஸுல்பிகா கடிப்பதை நிறுத்திய விதம்

மூதூர்,
14.02.1982

என் உயிர் உம்மாவுக்கு,

உங்கள் மூத்த தொல்லை அன்ஸார் ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் சுகம். குவைத்தில் உங்கட சுகத்துக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நான் தொழுகிற தொழுகைகளில்.

வாப்பா லோஞ்சுப் படகு வேலைக்கு ஒழுங்காகப் போகிறார். கறிக்கு அவர் உப்புப் போட்டால் கடல், நான் போட்டால் குளம்.

தங்கச்சியின் கதைதான் விளங்குதில்லை. நீங்கள் போன எட்டு மாதத்தில் ஸுல்பிகா ஒருநாளும் அழவில்லை என்று பெருமையாக எழுதினேனே. அழாதவள் கடிக்கத் தொடங்கிவிட்டாள். நான் அனுப்புவது கடிதம், அவள் தருவது வெறும் கடி. பாலர் பள்ளியில் ரபீக்கா டீச்சரின் கையையும் விடவில்லை. கடி நின்ற பிறகு கூட்டிக்கொண்டு வாங்க என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டா. ஏன்டி கடிக்கிறாய் என்றால், பசிக்குது என்கிறாள். சோறு வைத்தால் தொடமாட்டாள். ஐந்து வயசில் அது என்ன பசியோ!

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வாப்பாவைப் பயமுறுத்த ஒரு வேலை செய்தேன். ஏசாதீங்க. அலுமாரியில் இருந்த உங்கட பச்சைச் சாரியைச் சுற்றி, முக்காடும் போட்டு, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். வாப்பாவுக்கு முதல் அவள் வந்துவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். இரண்டு கையாலும் என் முதுகில் குத்தினாள். ஏன் போனீங்க, ஏன் போனீங்க என்று கத்திக் கத்தி அழுதாள். பயந்துபோய், அடியேய், இது நான்டி, உன்ட அன்ஸார் நானா என்றேன். தெரியும், கழட்ட வேணாம் என்றாள். அப்படியே மடியில் படுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து யாரையும் கடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சாரியை இழுத்துக்கொண்டு வருகிறாள். அவள் குத்தி, அழுது, கதைத்து முடியும்வரை நான் இருக்க வேணும். வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டு யோகலிங்கம் என்னை மாமி என்று கூப்பிடுகிறான். வாப்பாவும் ஒருநாள் கண்டார். முற்றத்துக்குப் போய், காற்று இருந்த சைக்கிளுக்கே காற்று அடித்துக்கொண்டு நின்றார்.

நான் செய்வது நல்லதா, பிள்ளையை ஏமாற்றுவதா? அவள்தான் ஏமாறவே இல்லையே. சாரியைக் கழட்டுகிற நேரம் எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது. அதற்குப் பெயர் என்ன என்று தெரியவில்லை.

நேற்று மடியில் கிடந்து, உம்மா எப்ப வருவீங்க என்று கேட்டாள். என்னை எப்போதும் நீ என்றுதான் சொல்வாள். இது உங்களிடம் கேட்டது. கேட்டுச் சொல்றன் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

அதனால் கேட்கிறேன் உம்மா. கெதியாகப் பதில் எழுதுங்க. ஒப்பந்தப்படி இரண்டு வருஷம் என்று மட்டும் எழுத வேணாம். நாட்களை எண்ண நான் அவளுக்கு இருபது வரைக்கும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அல்லாஹ் உங்களைச் சுகத்தோடு எங்களிடம் சேர்ப்பானாக.

உங்கள் மகன்
அன்ஸார்