தண்ணி எங்க கீது?

கல்கத்தா
8.7.1969

அன்புள்ள நைனாவுக்கு யேசுதாஸின் ஸ்தோத்திரம். மூட்டுவலி தேவலையா? ராயபுரத்தில் மழை உண்டா? நான் சுகம்.

சனிக்கிழமை ஒரு வேடிக்கை. பாரில் குடித்த கப்பல்காரன் ஒருவன் கத்தியை உருவினான். வாசல் காவல் என் வேலையாயிற்றே, எதிரே போய் நின்றேன். அந்நேரம் பார்த்து முதலாளி, கடை மூடும் மணியை அடித்துவிட்டார். குத்துச்சண்டையை விட்டு நாலு வருஷமாகியும் பழக்கம் போகவில்லை. ரவுண்டு முடிந்ததென்று கையை இறக்கி, மூலைக்குத் திரும்பிவிட்டேன்! முதுகில் ஏழு தையல்தான்.

“நைனா, தண்ணி எங்க கீது?” என்று கேட்டேனாம். அங்கே யாருக்கும் புரியவில்லை.

இப்போது டிராம் மணிக்குக்கூடத் துள்ளி எழுகிறேன். ரிங்கில் என் முகம் துடைப்பீர்களே, அந்தத் துண்டை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். நான் ஏற வேண்டிய டிராம் வந்துவிட்டது.

யேசுதாஸ்