செம்மதிற் பாசியும் கல்தச்சர் மீட்சியும்

மழை பிழையாத மலைகளும் கதவடையாத அறக்கூடங்களும் உடைய முகிற்கோட்டு நாட்டின் பேரரசி ஆதன்மாதேவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் அதிகன் கோளரி எழுதுவது. தெற்கெல்லையில் பாலைவழிச் சுரவாயில் காக்கும் தண்டத்தலைவர் பூழியன் மாறனார் காண்க. தங்கள் சுரத்து ஊற்றுகள் வற்றாதிருக்க. தங்கள் காவலை நம்பி உறங்குவோர் அச்சமின்றி உறங்குக.

சென்ற கார்காலம் கழிந்து வெயில் ஏறிய நாளில், தலைநகர்க் கோட்டையின் மேற்கு மதில் அடிமுதல் முடிவரை செந்நிறம் பூத்தது. கல் குருதி கசிகிறது என்று ஊர் நடுங்கிற்று. மதில் எடுத்த கல்தச்சர் தீட்டுப்பட்ட பாறையை வெட்டி வந்ததே காரணம் என்று நிமித்திகர் உரைக்க, நாற்பத்திரண்டு குடும்பங்களையும் நாடு கடத்துமாறு அரசவை தீர்ப்பளித்தது.

அக்குடும்பங்களுள் ஒருத்தி கொற்றி. மதிலுக்குச் சாந்து பூசுபவள். மூட்டை கட்டி எல்லாரும் புறப்பட்ட காலையில், அவள் மட்டும் கைக்குழந்தையைத் தமக்கையிடம் ஒப்படைத்து, அரண்மனை வாயிலில் வந்து நின்றாள். அவள் சொன்ன சொல் சொன்னபடியே இங்கு எழுதப்படுகிறது: “அம்மா, இது ரத்தமில்லை, பாசி. சுரண்டிப் பாத்தேன், உள்ளே பச்சையா இருக்கு. வெயில் தாங்காம மேலே சாயம் பூசிக்கிட்டிருக்கு. நிழல் குடுத்தா கழட்டி வெச்சிரும்.”

அவை நகைத்தது. பேரரசியார் நகைக்கவில்லை. அறுபது நாள் தவணை அளித்து, அதுவரை அக்குடும்பங்களைத் தங்கள் சுரவாயிலிலேயே நிறுத்திவைக்கப் பணித்தார்.

கொற்றி செந்நிறக் கல் இரண்டைத் தேர்ந்து, ஒன்றின்மேல் ஓலைத்தட்டி கட்டினாள். மற்றதை வெயிலில் விட்டாள். இரண்டுக்கும் ஒரே அளவாய் நீர் தெளித்தாள். முப்பது நாள் கழிந்தும் மாற்றம் இல்லை. நிமித்திகரின் ஆட்கள் அவ்வழியே போகும்போதெல்லாம் ஏளனம் செய்தனர். அவள் உண்பதும் குறைந்தது. பிள்ளை முகம் மறந்துவிடுமோ என்று மதிலருகே காவல் நின்ற பெண்ணிடம் கேட்டு அழுதாளாம். முப்பத்தைந்தாம் நாள் நிழற்கல்லின் ஓரத்தில் பச்சை கண்டது. ஐம்பதாம் நாள் அக்கல் முழுதும் தளிர்ப்பச்சை ஆயிற்று. வெயிற்கல்லோ முன்போலச் சிவந்தே இருந்தது.

பேரரசியார் தாமே வந்து இரண்டையும் தொட்டுப் பார்த்தார். நீரை விட்டுக் கல்லில் குடியேறிய அச்சிற்றுயிர், சுடுவெயில் தன் பச்சையைக் கருக்காதிருக்கச் செம்மஞ்சள் நிறத்தைத் தன்னுள்ளேயே ஊறச்செய்து குடையாக்கிக்கொள்வது ஐயமின்றித் தெளிந்தது. நிமித்திகரும் தலைகுனிந்து பிழை ஒப்பினார்.

ஆகவே ஆணை இது. நாடுகடத்தல் தீர்ப்பு இன்றோடு அழிந்தது. கல்தச்சர் அனைவரும் தத்தம் மனைகளுக்கு மீள்க. முதியோர்க்கும் பிள்ளைகளுக்கும் வண்டியும், வழிநெடுக உணவும் தங்கள் பொறுப்பு. மேற்கு மதிலின் பாசியை எவரும் சுரண்டலாகாது.

இவ்வோலையைக் கொணர்பவள் கொற்றியே. தாங்கள் படித்தறிந்தபின் இதை வாயிலில் நின்று முழங்கவேண்டா, முரசும் வேண்டா. அவள் உள்ளே சென்று, குழந்தையை வாங்கிக்கொண்டு, தன் மக்களிடம் தானே சொல்லட்டும்.

முகில் பொறித்த அரக்கு முத்திரை இட்டோம். இது அரசாணை; இமைப்பொழுதும் தாழ்க்காது நிறைவேற்றுக.